உறையைக் கழற்றுங்கள்

வீட்டு வாசலில் ஒரு பழைய ஃபியட்டை நிறுத்தி, உறை போட்டு மூடி வைத்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும்,



உங்களில் பலரை எனக்குத் தெரியாது. உங்கள் வண்டிகளைத் தெரியும். காலை நடைக்குப் போகும் வழியில் பார்க்கிறேன். மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் ஒன்று நிற்கிறது. அடையாறில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், யாருக்கும் ஒதுக்காத மூலையில் இன்னொன்று. நந்தனத்தில் இருப்பதன் மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது. சாம்பல் நிற உறை, அதை இழுத்துக் கட்டிய நைலான் கயிறு, மேலே உதிர்ந்து காய்ந்த புங்கம்பூ. உறைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் குரோம் பம்பரின் நுனி போதும், உள்ளே இருப்பது யாரென்று சொல்லிவிடலாம்.

அந்த உறைக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல். கோரிக்கை ஒன்றே ஒன்று: உறையைக் கழற்றுங்கள். வண்டியை ஓட்டுங்கள்; முடியாவிட்டால் ஓட்டுகிறவர் கையில் கொடுங்கள். உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. இதே தப்பை எட்டு வருஷம் செய்தவன் நான். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வண்டி 1968ஆம் வருஷத்து ஃபியட் 1100 டிலைட். வெளிர் நீலம். அப்பா மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். 1979இல் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். அப்போதெல்லாம் ஃபியட் என்றால் டாக்டர் வண்டி, வக்கீல் வண்டி. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டிப் போகிறவர்களின் வண்டி. அம்பாசடரில் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் கௌரவம். ஃபியட்டில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் சுகம். புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பத்து வருஷம் ஓடிய வண்டி கிடைத்ததே பெரிய காரியம் என்று அம்மா சாமிக்கு முன்னால் சாவியை வைத்துக் கும்பிட்டாள்.

கியர் கம்பு ஸ்டியரிங்கோடு ஒட்டி இருந்ததால் முன்னால் நடுவில் கால் வைக்க இடம் தாராளம். அது என் இடம். இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் அப்பா. அவர் மூன்றாவது கியருக்கு மாற்றும்போதெல்லாம் அவர் முழங்கை என் காதை உரசும். முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் அரை டிராயரோடு ஏறினால் ரெக்ஸின் சீட் தொடையைப் பொசுக்கும். மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்தும் மசியவில்லை என்றால் எதிர்வீட்டு மாமாவும் பால்காரரும் வந்து தள்ளுவார்கள். குன்னூர் மலையேறும்போது பர்லியாரில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து, ரேடியேட்டர் ஆறும்வரை மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவோம். ஊட்டி எனக்கு நினைவில் இல்லை. பஜ்ஜி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி கழுவும் நாள். கைவைத்த பனியன், பழைய வேட்டித் துணி, இரண்டு வாளித் தண்ணீர். எல்லாம் முடிந்த பிறகு அப்பா ஒரு காரியம் செய்வார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கதவின் அடியிலும் எதையோ தேடிக் குத்துவார். சில சமயம் அழுக்குத் தண்ணீர் ஒரு நூலாக வழியும். சில சமயம் வேப்பம்பூவும் மண்ணும் கலந்த கட்டி ஒன்று விழும். “என்னப்பா பண்றீங்க?” என்று கேட்டால், “கதவுக்கு மூச்சு விட வழி வேணும்டா” என்பார். ஏதோ வேண்டுதல் மாதிரி அவர் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதன் அர்த்தம் எனக்குப் புரிய முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

நம் வண்டியின் பூர்வீகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சொல்ல வந்ததற்கு அது வேண்டியிருக்கிறது.

பிறந்த ஊர் வட இத்தாலியின் டூரின். அங்கே லிங்கோட்டோவில் ஃபியட்டுக்கு ஐந்து மாடித் தொழிற்சாலை இருந்தது. கீழே மூலப்பொருள் நுழையும், மாடி மாடியாக வண்டி உருவாகிக்கொண்டே மேலேறும், மொட்டை மாடியில் வட்டமாகப் போட்ட பாதையில் ஓடிப் பார்க்கும். ஃபியட்டின் சிறிய வண்டிகளுக்கெல்லாம் தகப்பன் போன்றவர் தாந்தே ஜியாகோசா என்ற பொறியாளர். 1936இல் வந்த ‘டொபொலினோ’, 1955இல் வந்த 600, 1957இல் வந்த, மூன்று மீட்டர் நீளம்கூட இல்லாத 500 எல்லாம் அவர் கைவண்ணம். 1953இல் வந்த புதிய 1100ஐ உருவாக்கியவரும் அவர்தான். பம்பாய் குர்லாவில், வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் மறு வருஷமே அது இங்கும் தயாரானது. 1964இல் டிலைட் என்று பெயர் மாறியது. பிறகு பிரசிடென்ட். 1974 வாக்கில் பத்மினி. ராஜபுத்திர ராணியின் பெயர்தான் அது என்று எத்தனை சொன்னாலும் எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நம் நாட்டியப் பேரொளிக்குச் செய்த மரியாதை என்றே கடைசிவரை நினைத்தார்கள். டூரினில் 1100 வரிசையை 1969இலேயே முடித்துவிட்டார்கள். குர்லாவில் அது 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் நின்றது. பெற்ற ஊரைவிட முப்பது வருஷம் அதிகமாக வளர்த்த ஊரில் வாழ்ந்த வண்டி.

இத்தாலிய வண்டிகளை நேசிக்கிறவர்கள் உலகமெங்கும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: ஓட்ட அருமை, ஆனால் துரு. நேப்பிள்ஸ் பக்கத்தில் பொமிலியானோ தார்க்கோவில் ஆல்ஃபா ரோமியோ கட்டிய ‘ஆல்ஃபாசுத்’தை ஓட்டியவர்கள் அதன் வளைவு நெளிவு பற்றிப் பேசினால் கண் கலங்குவார்கள்; அடுத்த வாக்கியத்தில் அதன் கதவடி எப்படிக் கரைந்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள். லான்சியா பீட்டா பிரிட்டனில் துருவினாலேயே பெயர் கெட்டது. 1980இல் அது அங்கே பெரிய பத்திரிகைச் செய்தி. ஃபியட் கார்த் தொழிற்சாலை அமைத்துக் கொடுத்ததற்கு ரஷ்யா பணத்துக்குப் பதில் மட்டமான இரும்பைத் தந்தது, அதனால்தான் துரு என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஊரைச் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மெல்லிய தகடு; அதை மடித்துப் பற்றவைத்த பெட்டிகளின் உட்புறத்துக்குப் பெயின்ட் எட்டாது; தண்ணீர் உள்ளே போக நூறு வழி, வெளியே வர நாலு ஓட்டை. அந்தக் காலத்துச் சிறிய வண்டிகள் பல நாடுகளிலும் அப்படித்தான் செய்யப்பட்டன. இன்றைக்கு வண்டிக்கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, மூலை முடுக்கெல்லாம் பூச்சு ஏற்றுகிறார்கள். நம் வண்டிக்கு அந்தக் குளியல் கிடைக்கவில்லை.

“அந்தக் காலத்து இரும்பு சார், இப்ப வர்ற வண்டி எல்லாம் தகர டப்பா” என்று நாம் மார்தட்டுகிறோம். விரலால் தட்டிப் பார்த்தால் உண்மை மாதிரிதான் இருக்கும். ஆனால் தடிமன் துருவைத் தடுக்காது, தள்ளிப் போடும். இன்னொன்றையும் கவனியுங்கள். 1100க்கு லாரி, ஜீப் மாதிரி தனியாக சேசிஸ் கிடையாது. அடித்தளத் தகடும், கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் தகரப் பெட்டிகளும், கூரையும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. உடம்புதான் எலும்பு. சேசிஸ் உள்ள வண்டியில் துரு வந்தால் அழகு போகும். இதில் முதுகெலும்பு போகும். கதவைத் திறக்கும்போது தொங்குகிறதா, தூக்கி அடைக்க வேண்டியிருக்கிறதா? கீலில் எண்ணெய் இல்லை என்று சமாதானம் சொல்லாதீர்கள். கீழே உள்ள பெட்டியைத் தட்டிப் பாருங்கள்.

அப்பா 2009இல் காலமானார். வண்டியை விற்கச் சொன்னார்கள். மனசு வரவில்லை. ஓட்டவும் தைரியம் வரவில்லை. கடைத்தெருவில் ஓர் உறை வாங்கி, பொருத்தமாக இல்லாவிட்டாலும் இழுத்துக் கட்டினேன். ஒவ்வொரு திவசத்தன்றும் உறையை விலக்கி, முன்கண்ணாடியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த நாளிலேயே அது வண்டியாக இருப்பதை விட்டுவிட்டது. படத்துக்கு மாலை போடுகிற கணக்குதான்.

2015 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை அடையாற்றுத் தண்ணீர் கோட்டூர்புரத்தில் எங்கள் வாசலுக்குள் வந்தது. வண்டியின் அடித்தளத்தை நனைத்துவிட்டு, சீட்டைத் தொடாமல் இரண்டு நாளில் வடிந்தது. வீட்டுக்குள் செய்ய வேண்டியது ஆயிரம் இருந்தது. ஒரு வாரம் கழித்து வெயில் வந்ததும் வண்டி ஞாபகம் வந்தது. சேறு படிந்த உறையைக் கழற்றி, சோப்புப் போட்டுத் துவைத்து, மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, மறுபடியும் போர்த்தினேன். உறையைக் காயவைத்தேன். வண்டியைக் காயவைக்கவில்லை.

2017இல் ஒரு நாள் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு டிங்கரிங் மேஸ்திரியை அழைத்து வந்தேன். எழுபதைத் தொட்ட பாய். வந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பேச்சே இல்லை. இடுப்பிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் கதவின் மேல்பக்கம் தட்டினார். டங். நடுவில் தட்டினார். டங். ஒரு ஜாண் கீழே வந்தார். தொப். “சத்தம் கேட்டுச்சா சார்? மேல தட்டுனது இரும்பு. கீழ தட்டுனது பெயின்ட்டு.”

முன்கதவைத் திறந்து ரப்பர் மேட்டைத் தூக்கினார். வெள்ளத்தின் நாற்றம், ஒன்றரை வருஷம் கழித்தும், அப்படியே மேலே வந்தது. மேட்டுக்குக் கீழே இருந்த நார் விரிப்பு ஈரமாகத்தான் இருந்தது. அதைச் சுருட்டி எடுத்ததும் தெரிந்த நிறத்தைத் துரு என்று சொல்லக்கூடாது. ஈரமான செம்மண் வயல் மாதிரி இருந்தது. ஏடு ஏடாக எழும்பி, சில இடத்தில் அப்பளம் போல உப்பி நின்றது. பாய் ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். அது உள்ளே போய்விட்டது. உருவியதும் அந்த ஓட்டை வழியே எங்கள் வாசல் சிமென்ட் தரையும் அதில் வரிசையாகப் போகும் எறும்புகளும் தெரிந்தன. அப்பா கால் வைத்து கிளட்ச் மிதித்த இடம் அது.

பின்சக்கரத்துக்கு மேல் இன்னொரு கதை. அங்கே தகரம் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாய் நகத்தால் சுரண்டினார். பெயின்ட்டுக்குக் கீழே விரல் தடிமனுக்கு பட்டி. பழைய ரிப்பேர், அவசரமாக முடித்துக் கொடுக்கச் சொன்னவர்கள் நாங்கள்தான், கல்யாணத்துக்குப் போக வண்டி வேண்டியிருந்தது. பட்டிக்குப் பின்னால் துரு தன் வேலையை நிறுத்தாமல் செய்திருக்கிறது. அன்றைக்குத் தோன்றியது: நினைவும் இந்த வேலையைத்தான் செய்கிறது. தேய்த்து, மெழுகி, பளபளப்பாக்கி வைத்துவிடும். பர்லியார் பஜ்ஜி நினைவிருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றையும் போல இதிலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அது சூடேறி, இறக்கத்தில் அப்பா முகம் வெளுத்துப்போன நாள் நினைவில்லை. அம்மாதான் சொன்னாள்.

“இவ்வளவு பத்திரமா மூடி வெச்சும் இப்படி ஆயிடுச்சே பாய்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஓடுன வண்டி தேயும் சார். நின்ன வண்டி உளுத்துடும். தேஞ்சதுக்குக் கடையில பார்ட்ஸ் இருக்கு. உளுத்ததுக்கு நான்தான் இருக்கேன், எனக்கும் வயசாகுது.”

அவர் சொன்னதில் உள்ள விஷயத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரும்புக்குத் தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஒரே நேரத்தில் கிடைத்தால் துரு. உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீரில் மின்னோட்டம் சுலபமாகிறது, வேலை வேகமாகிறது. நம் ஊரில் உப்பை யாரும் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை, மாலைக் கடற்காற்று போதும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு ஒட்டிக்கொண்டு கவசமாகிவிடும். இரும்பின் துரு அப்படியில்லை. அது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உப்பும், வெடிக்கும், உதிரும், அடுத்த அடுக்கை ஈரத்துக்குக் காட்டிக் கொடுக்கும். காற்று புகாத உறை இதற்கெல்லாம் தோதான வீடு. பகலில் உள்ளே வெப்பம் ஏறும். தரையின் ஈரம் ஆவியாகும். இரவில் தகரம் குளிர்ந்ததும் அதன் மேலேயே வியர்க்கும். நாம் வெயிலிலிருந்து வண்டியைக் காப்பாற்றி, ஈரத்திடம் ஒப்படைக்கிறோம்.

வாரம் ஒரு நாள் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்கிறோமே என்று சிலர் சொல்வீர்கள். நானும் முதல் வருஷம் செய்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அரைமணி நேரம் ஓடினால் சைலன்சர் சூடாகி அதை வெளியே தள்ளிவிடும். ஐந்து நிமிஷத்தில் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தங்கும். இன்ஜின் ஆயிலுக்கும் அதே கதி. இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் நின்ற டேங்க்கின் அடியில் துரு, பழைய ரப்பர் குழாய்களில் வெடிப்பு. பிரேக் சிலிண்டர் இறுகும். கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். எல்லாம் நான் சொன்னவைதான்.

“ஸ்பேர் கிடைக்காது.” முன்பு போலக் கிடைக்காது, வாஸ்தவம். ஆனால் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே 1089 சிசி இன்ஜினோடு வந்த வண்டி இது. புதுப்பேட்டையில் நடந்தால் கேட்கக் கேட்க எங்கிருந்தாவது ஒருவர் எடுத்துத் தருவார். குறைந்துகொண்டு வருவது வேறு: கேஸ் வெல்டிங் வைத்து, தகரத்தை மடித்து, அசல் வளைவைக் கையால் கொண்டுவரத் தெரிந்த கைகள். அவர்களுக்கு வேலை கொடுத்தால்தான் பையன்கள் கற்றுக்கொள்வார்கள். வண்டியை மூடி வைத்தால் தொழிலும் மூடும்.

“கடற்காற்றில் வெளியே எடுத்தால் இன்னும் துரு பிடிக்கும்.” பம்பாயைப் பாருங்கள். மூன்று பக்கமும் கடல், ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை மழை. அந்த ஊரில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் இரவு பகலாக ஓடின. கடைசி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29. இருபது வருஷ வரம்பு முடிந்ததும் 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போனது. அவற்றிலும் துரு இருந்தது, பேட்ச் மேல் பேட்ச் இருந்தது. ஆனால் கடைசியில் அவற்றை நிறுத்தியது துரு இல்லை, சட்டம். தினமும் ஓட்டுகிறவன் தினமும் பார்க்கிறான். பார்த்ததை உடனே சரி செய்கிறான். வண்டியைக் காப்பது அந்தக் கண்தான்.

“விலை ஏறும், இருக்கட்டும்.” ஐம்பது வயது கடந்த வண்டிகளைத் தனிப் பதிவில் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்லது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. பதிவதற்கு முன் யோசியுங்கள். உறைக்குள் உளுத்துக்கொண்டிருக்கும் வண்டியின் விலையோ எந்தப் பதிவிலும் ஏறாது.

“அப்பா ஞாபகம்.” இதற்குத்தான் என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஞாபகமாகவே நிற்க வேண்டிய வண்டிகள் உண்டு. லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஃபியட் வாங்கினார். கையில் இருந்தது ஏழாயிரம். மிச்சம் ஐயாயிரம் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன். 1966 ஜனவரியில் அவர் தாஷ்கண்டில் இறந்தபோது கடன் பாக்கி இருந்தது. அவர் மனைவி லலிதா அம்மையார் தன் பென்ஷனிலிருந்து கட்டி முடித்தார். அந்த வண்டி டெல்லியில் சாஸ்திரி நினைவகத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் அந்தக் கடனையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், அதனால் அது நிற்கலாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் 2017இல் ஒரு ஃபியட் 500ஐத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அங்கே அதற்குப் பராமரிப்பாளர் உண்டு. நம் வாசலில் பராமரிப்பாளர் யார்?

இத்தாலியில் லிகூரியா மாநிலத்தில் கார்லெந்தா என்று ஒரு சின்ன ஊர். ஃபியட் 500 வைத்திருக்கிறவர்களின் சங்கம் 1984 முதல் அங்கே இருக்கிறது. ஜியாகோசா பெயரில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அதோடு விடாமல் கோடையில் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் அந்தக் குட்டி வண்டிகளை ஓட்டிக்கொண்டே அங்கே வந்து கூடுகிறார்கள். ஆல்ப்ஸ் மலையை அரை லிட்டர் இன்ஜினில் ஏறுகிறார்கள். வழியில் நின்றுபோனால் பின்னால் வருகிறவர் இறங்கி உதவுகிறார். நினைவைக் கொண்டாடுவது என்றால் அது. தாத்தாவின் வண்டியில் பேரன் கிரீஸ் பூசிய கையோடு உட்கார்ந்திருக்கிறான்.

என் கதையை முடித்துவிடுகிறேன். பாய் நான்கு மாதம் வேலை செய்தார். அடித்தளத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். பெட்டிகளை மடித்துச் செய்தார். உள்ளேயும் வெளியேயும் ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் அண்டர் கோட்டிங். பட்டியைத் தேவையான இடத்தில் மட்டும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி. வண்டி வந்தது. நான் ஆறு மாதத்தில் ஏழு தடவை ஓட்டினேன். எட்டாவது தடவை சாவியை எடுக்கப் போனபோது பார்த்தேன்: என்னை அறியாமல் மறுபடி உறை போட்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கோயம்புத்தூரில் ஓர் இளைஞர், லேத் பட்டறை வைத்திருப்பவர், இந்த வண்டியைப் பற்றி ஏற்கெனவே விசாரித்திருந்தார். கடலும் அங்கே இல்லை. “ஷோவில நிறுத்த மாட்டேன் சார், பட்டறைக்கு இதுலதான் போவேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்தேன். அம்மா அன்று சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்ட பிறகு, “மூணாவது கியர் இன்னும் லேசா கத்துது” என்றாள். ஒன்பது வருஷமாக வண்டியைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதற்கப்புறம் நிறையப் பேசினாள்; இறக்கத்தில் அப்பா முகம் வெளுத்த கதையும் அப்போது சொன்னதுதான். வண்டி நின்றிருந்த காலமெல்லாம் வாயைத் திறக்காத வீடு, அது ஓடிப்போன பிறகு பேசியது.

எல்லோரும் என்னைப் போலக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களால் மாதத்துக்கு இரண்டு தடவை, அரைமணி நேரமாவது ஓட்ட முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு அந்தக் கை கியரைக் கற்றுக்கொடுங்கள். உறை வேண்டுமென்றால் பருத்தித் துணியில், காற்று போகிற மாதிரி. வண்டி காய்ந்த பிறகு போடுங்கள். ரப்பர் மேட்டை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது தூக்கிப் பாருங்கள். இதெல்லாம் முடியாது என்றால், ஓட்டுகிற ஒருவரைத் தேடுங்கள்; அதிக விலை சொல்கிறவரை அல்ல.

இன்றைக்கே எல்லாம் முடிவு செய்ய வேண்டாம். இன்று சாயங்காலம் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். உறையை விலக்கிவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொள்ளுங்கள். கதவின் அடி விளிம்பில், கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும், சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி இறங்குகிற இடைவெளி வழியாக உள்ளே போகும் மழைத் தண்ணீர் வெளியேற ஜியாகோசா காலத்தில் வைத்தது. குச்சியை மெல்ல விடுங்கள். மண் விழுந்தால் இன்னும் நாளிருக்கிறது. தண்ணீர் வழிந்தால் நாளைக்கே மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். குச்சி தங்குதடையில்லாமல் உள்ளே போய், ஓட்டை எது கதவு எது என்று தெரியாவிட்டால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பாய் இன்னும் வேலை செய்கிறார்.

இப்படிக்கு,
எட்டு வருஷம் உறை போட்டு வைத்திருந்தவன்,
கோட்டூர்புரம், சென்னை.